செருப்புத் தைத்தவரின் வெடியுப்பும் பேராசிரியரின் கணக்கும்

சிவகாசியிலிருந்து சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். சீமைக் கருவேல மரங்களுக்கு அந்தப் பக்கம், ஒன்றையொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஒன்று வெடித்தால் அடுத்தது பற்றக்கூடாது என்பதற்காக விட்ட இடைவெளி அது. உள்ளே வெடியுப்பு, கந்தகம், கரித்தூள், அலுமினியத் தூள் என்று வேலை நடக்கிறது. கருமருந்தின் பழைய கணக்கு நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். கரி எரியும். கந்தகம் சீக்கிரம் தீப்பிடிக்க வைக்கும். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பு தன்னிடமிருந்தே கொடுத்துவிடும். அதனால்தான் காற்றுப் புகாத காகிதச் சுருளுக்குள்ளும் மருந்து பற்றிக்கொள்கிறது.

இந்தச் சாமான்களின் பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் கடவுளைப் பற்றி எழுதினார் என்றால் நம்பக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் எழுதினார். 1612-ல், ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் கோர்லிட்ஸ் என்ற ஊரில். அவர் பாதிரியாரும் இல்லை, பேராசிரியரும் இல்லை. செருப்புத் தைப்பவர். பெயர் யாக்கோப் போமே.

இவரிடமிருந்து இருநூறு வருஷம் கழித்து ஷெல்லிங், ஹெகல் போன்ற பெரிய ஜெர்மன் தத்துவவாதிகள் கடன் வாங்கினார்கள். வாங்கியதில் எதைக் காப்பாற்றினார்கள், எதை வழியில் தொலைத்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். பட்டாசு ஊர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது.

தட்டில் பட்ட வெயில்

போமே 1575-ல் கோர்லிட்ஸுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். செருப்புத் தொழில் கற்று, கோர்லிட்ஸில் குடியேறி, கல்யாணம் செய்து, கடை வைத்தார். 1600-ஆம் வருஷம் ஒருநாள் வெள்ளீயப் பாத்திரம் ஒன்றில் வெயில் பட்டுத் தெறித்ததைப் பார்த்தபோது, எல்லாப் பொருளின் உள்ளும் தனக்குத் திறந்துகொண்டது போல உணர்ந்தார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர் சொல்கிறார். அதைச் சொல்ல வார்த்தை கிடைக்கப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. 1612-ல் 'விடியற்செம்மை' என்று பொருள்படும் 'ஆரோரா'வை எழுதினார். முடிக்கவில்லை. கையெழுத்துப் பிரதி நண்பர்களிடம் சுற்றியது. அடுத்த வருஷமே ஊரின் தலைமைப் போதகர் காதுக்குப் போய், பிரதி பறிக்கப்பட்டு, இனிமேல் எழுதக்கூடாது என்று உத்தரவு வந்தது. அதே 1613-ல் செருப்புக் கடையை விற்றுவிட்டு நூல் வியாபாரத்துக்கு மாறினார். சில வருஷம் சும்மா இருந்தார். பிறகு முடியவில்லை. மறுபடி எழுத ஆரம்பித்து, 1624-ல் சாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

என்ன எழுதினார்? கடவுளின் சக்திகள் எல்லாம் கலந்து கிடக்கும் மூலப் பொருளுக்கு அவர் வைத்த பெயர் 'சாலிட்டர்'. வெடியுப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வானத்தில் இருக்கும் ஒருவித வெடியுப்பும் கந்தகமும் சேர்ந்துதான் இடியும் மின்னலும் உண்டாகின்றன என்பது பாரசெல்சஸ் வழிவந்த அந்தக் காலத்து எண்ணம். போமே அதை எடுத்துக்கொண்டு கடவுளுக்குள்ளேயே கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னதைப் பட்டாசை வைத்தே விளக்கலாம். முதலில் ஒரு சக்தி எல்லாவற்றையும் உள்ளே இழுத்து இறுக்குகிறது. இன்னொன்று வெளியே தள்ளப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே சிக்கிய மூன்றாவது, போக வழியில்லாமல் சக்கரம் போலச் சுழல்கிறது. அதற்கு அவர் வைத்த பெயர் 'வேதனை'. இந்தச் சுழற்சி தாங்கமுடியாத இடத்துக்குப் போகும்போது மின்னல் வெட்டுகிறது. அந்த நொடியில் தீ இரண்டாகப் பிரிகிறது. ஒன்று எரித்து அழிக்கும் கோபம், மற்றது ஒளி தரும் அன்பு. இரண்டும் ஒரே தீதான். அன்புக்குப் பின்னால் ஒலி வருகிறது, பிறகு உருவம் வருகிறது. மொத்தம் ஏழு.

பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வரிசை புரியாமல் போகாது. கருமருந்தைத் தரையில் கொட்டிப் பற்றவைத்தால் புஸ்ஸென்று எரிந்து முடிந்துவிடும். நூலையும் காகிதத்தையும் சுற்றி இறுக்கினால்தான் வெடி. இறுக்கம் கூடக் கூடச் சத்தம் கூடும். அதே மருந்துதான் புஸ்வாணத்தில் பூவாகிறது, மருந்தறையில் தவறினால் உயிரை எடுக்கிறது. கோபமும் ஒளியும் ஒரே தீ என்பது சிவகாசியில் தத்துவம் இல்லை, தினசரி அனுபவம்.

மருந்து ஆலைக்காரர் கொடுத்த புத்தகம்

போமே எப்படித் தத்துவவாதிகளிடம் போய்ச் சேர்ந்தார் என்பது சுவாரஸ்யமான கதை. 1720-களில் டியூபிங்கன் நகரத்து இறையியல் விடுதியில் ஓட்டிங்கர் என்றொரு மாணவர் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் வெடிமருந்து அரைக்கும் ஆலைக்காரர் ஒருவர் போமேயின் பக்தர். அவரிடம் பேசப்போன இடத்தில்தான் போமேயின் எழுத்து ஓட்டிங்கர் கைக்கு வந்தது. ஓட்டிங்கரே பின்னாளில் இதை எழுதி வைத்திருக்கிறார். அவர் தென்ஜெர்மனியின் பெரிய போதகராகி, போமேயின் எண்ணங்களைத் தன் எழுத்தில் பரப்பினார்.

அதே டியூபிங்கன் விடுதியில் 1790-ல் மூன்று பையன்கள் ஒன்றாகப் படித்தார்கள். ஹெகல், ஹோல்டர்லின், ஷெல்லிங். ஷெல்லிங்குக்கு அப்போது வயது பதினைந்துதான்! ஓட்டிங்கரின் செல்வாக்கு இருந்த சூழலில் வளர்ந்தவர் அவர். ஆகவே வெடிமருந்து ஆலையிலிருந்து ஜெர்மன் தத்துவத்தின் உச்சிவரை ஒரு கோடு போடலாம். யாரும் கற்பனை செய்து சொன்னது இல்லை, நடந்தது.

இந்த இடத்தில் ஜெர்மன் கருத்துமுதல்வாதம் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 1781-ல் காண்ட் சொன்னார்: உலகம் நம் அறிவுக்குத் தெரிகிற விதத்தைத்தான் நாம் அறிகிறோம், பொருள் தன்னளவில் எப்படி இருக்கிறது என்பது நமக்கு எட்டாது. 1794-ல் ஃபிக்டே வந்து, எட்டாத அந்தப் பொருள் எதற்கு, 'நான்' என்பதிலிருந்தே எல்லாவற்றையும் தொடங்கலாம் என்றார். இயற்கையும் தூங்குகிற மனம்தான் என்று ஷெல்லிங் விரித்தார். கடைசியாக ஹெகல் வந்து, இயற்கை, வரலாறு, கலை, மதம் எல்லாம் சேர்ந்து பேரறிவு ஒன்று தன்னைத்தானே தெரிந்துகொள்ளும் பயணம் என்று முடித்தார்.

கடவுள் மனிதனுக்குள் தன்னை அறிகிறார் என்பது ஞானிகளின் பழைய பேச்சு. அதனால் ஹெகலுக்கு அவர்கள் மேல் பிரியம் இருந்தது. ஹாலந்தில் இருந்த பழைய மாணவர் ஒருவர் போமேயின் நூல்தொகுதியை அவருக்கு அனுப்பி வைத்தார். தத்துவ வரலாற்று வகுப்பில், ஜெர்மனியில் தத்துவம் தன் சொந்தக் குணத்தோடு வெளிப்பட்டது போமேயிடம்தான் என்று ஹெகல் புகழ்ந்தார். கூடவே ஒரு குறையும் சொன்னார். போமேயின் பேச்சு நாகரிகமற்றது, கருத்தைக் கருத்தாகச் சொல்லத் தெரியாமல் கந்தகம், பாதரசம், வெடியுப்பு என்று பொருட்களின் பெயரால் சொல்கிறார் என்று.

ஷெல்லிங் 1809-ல் மனித சுதந்திரத்தைப் பற்றி எழுதிய நூலில் போமேயின் நிழல் இன்னும் அடர்த்தி. கடவுளுக்குள்ளேயே, கடவுள் என்று சொல்ல முடியாத இருண்ட அடித்தளம் ஒன்று இருக்கிறது, தீமை சாத்தியமாவது அங்கிருந்துதான் என்கிறார். செருப்புக் கடைக்காரரின் தீ பல்கலைக்கழக மொழியில் மறுபடி எரிகிறது.

ஒரே பார்வை

இன்னொரு பெரிய கடன் மைஸ்டர் எக்கார்ட்டிடம். போமேக்கு முந்நூறு வருஷம் முந்தியவர். சுமார் 1260-லிருந்து 1328 வரை வாழ்ந்த டொமினிக்கன் சபைத் துறவி. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னவர், ஆனால் சாதாரண ஜனங்களுக்கு அவர்கள் பேசும் ஜெர்மன் மொழியில் பிரசங்கம் செய்தார். அவர் இறந்த பிறகு 1329-ல் போப் இருபத்திரண்டாம் யோவான் அவருடைய 28 கூற்றுகளைக் கண்டித்து ஆணை பிறப்பித்தார். மனிதன் கடவுளைப் பார்ப்பதும் கடவுள் மனிதனைப் பார்ப்பதும் இரண்டு பார்வை கிடையாது, ஒரே பார்வை என்பது எக்கார்ட்டின் புகழ்பெற்ற எண்ணம். ஹெகல் தன் மதத் தத்துவ வகுப்பில் இதை எடுத்துக்காட்டினார். 1820-களின் தொடக்கத்தில் பெர்லினில், தான் எக்கார்ட்டை ஹெகலுக்கு வாசித்துக் காட்டியதாகவும், நாம் தேடியது இதோ இருக்கிறது என்ற மாதிரி ஹெகல் குதூகலித்ததாகவும் பாடர் என்ற சிந்தனையாளர் பின்னாளில் சொன்னார்.

ஆனால் எக்கார்ட்டிடம் ஹெகல் எடுத்துக்கொள்ளாத ஒன்று இருக்கிறது. லூக்கா சுவிசேஷத்தில் மார்த்தாள், மரியாள் என்று இரண்டு சகோதரிகள் வருவார்கள். மரியாள் இயேசுவின் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். மார்த்தாள் வீட்டு வேலையில் அல்லாடுகிறாள். மரியாளே நல்ல பங்கைத் தேர்ந்தாள் என்பதுதான் வழக்கமான பிரசங்கம். எக்கார்ட் தலைகீழாக்கினார். மார்த்தாள்தான் முதிர்ந்தவள், மரியாள் இன்னும் படிக்கிற பெண், வேலையின் நடுவிலேயே கடவுளோடு இருக்கத் தெரிந்தவள் மார்த்தாள் என்றார். அடுப்படியிலும் தறியிலும் நிற்கிற பெண்ணுக்கு, ஏன், பட்டாசுக்குத் திரி வைத்துக்கொண்டிருக்கிற பெண்ணுக்கும், எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு துறவி கொடுத்த மரியாதை இது.

யார் பேரேட்டில் யார் நஷ்டம்?

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். ஞானிகளிடமிருந்து தத்துவவாதிகளுக்குப் போன வழியில் தொலைந்தது எது?

போமேயின் மொழி தொலைந்தது என்று சிலர் வருத்தப்படுவார்கள். அது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் வேறு. அதைச் சொல்ல வணிகவியல் பாடத்தில் முதல் வருஷமே வரும் ஒரு விதி உதவும். வணிகத் தனித்தன்மைக் கருத்து. முதலாளியின் கணக்கு வேறு, வியாபாரத்தின் கணக்கு வேறு. இவருடைய நஷ்டத்தை அவருடைய பேரேட்டில் எழுத முடியாது. பற்று எங்கே விழுந்ததோ, அதன் வரவும் அதே புத்தகத்தில் இருக்க வேண்டும்.

ஞானிகள் இந்த விதியை மீறுவதில்லை. போமே வேதனை என்று எழுதினால் அது அவர் பட்ட வேதனை. அதிலிருந்து வெளிச்சம் வந்தது என்றால் அது அவர் கண்ட வெளிச்சம். கோபத் தீயை அன்பாக மாற்றும் வேலையை ஒவ்வொருவரும் தனக்குள் செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவர் போதனை. எக்கார்ட் எல்லாவற்றையும் விடச் சொன்னார். விட வேண்டியவர் கேட்டுக்கொண்டிருக்கிற ஆள்தான். பற்றும் வரவும் ஒரே பேரேட்டில்.

குழும நிறுவனங்களுக்கு வேறொரு கணக்கு உண்டு. தாய் நிறுவனம், அதன்கீழ் பத்துத் துணை நிறுவனம். எல்லாவற்றையும் சேர்த்து ஒருங்கிணைந்த இருப்புநிலைக் குறிப்பு போடுவார்கள். அப்போது ஒன்றுக்கொன்று கொடுக்க வேண்டிய கடன்கள் அடிபட்டுப் போகும். ஒரு துணை நிறுவனத்தின் நஷ்டம் இன்னொன்றின் லாபத்தில் கரைந்து, மொத்தத்தில் லாபம் என்று வரும். கணக்கில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு காகிதத்தை மட்டும் பார்க்கிறவருக்கு, மூழ்கிப்போன அந்தச் சின்ன நிறுவனம் கண்ணிலேயே படாது.

ஹெகல் செய்தது இதுதான். வரலாறு என்பது மக்களின் சந்தோஷமும் நாடுகளின் ஞானமும் பலியிடப்படும் கசாப்பு மேடை என்று அவரே சொன்னார். அவருக்கு வலி தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அடுத்தபடியாக, இந்தப் பலியெல்லாம் எந்த இறுதி நோக்கத்துக்காக என்று கேட்டு, சுதந்திரத்தின் வளர்ச்சிக்காக என்று பதில் சொல்லி, வரலாற்றில் கடவுள் நியாயமானவர் என்று நிரூபித்துவிட்டதாகத் தன் வகுப்பை முடித்தார். வலி பட்டவர் ஒருவர், லாபம் அடைந்தது பேரறிவு. ஞானி 'என் இருட்டிலிருந்து எனக்கு வெளிச்சம்' என்று எழுதிய வரி, பேராசிரியர் கையில் 'யாரோ ஒருவர் இருட்டிலிருந்து மொத்தத்துக்கு வெளிச்சம்' என்று மாறிவிட்டது.

இது ஏதோ ஜெர்மனியில் நடந்த பழங்கதை என்று விட்டுவிட முடியாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து, முப்பத்தைந்து பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே இல்லை. முதல் சத்தம் கேட்டு உதவி செய்யவும் பார்க்கவும் ஓடிவந்தவர்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல். இவை பேப்பரில் பெரிய எழுத்தில் வந்தவை. ஒருவர், இருவர் என்று உள்பக்கத்தில் வந்தவற்றைச் சேர்த்தால் பட்டியல் நீளும்.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் இரண்டு பேச்சு காதில் விழும். ஒன்று துக்க வீட்டில்: எல்லாம் ஆண்டவர் சித்தம், இதிலும் ஒரு நன்மை இருக்கும். இன்னொன்று டீக்கடையிலும் டிவியிலும்: என்ன செய்வது, லட்சக்கணக்கான பேருக்குச் சோறு போடுகிற தொழில், மழை இல்லாத சீமை, இது இல்லாவிட்டால் வேறு என்ன இருக்கிறது. கேட்கப் பக்தி ஒன்று, பொருளாதாரம் ஒன்று போலத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே கணக்குதான். ஒருங்கிணைந்த இருப்புநிலைக் குறிப்பு. கருகிய பெண்ணின் நஷ்டத்தை மாவட்டத்தின் வரவில், அல்லது கடவுளின் வரவில் கழித்துக் காட்டுவது. மருந்தறையில் அளவுக்கு மேல் ஆள் இருந்தார்களா, அளவுக்கு மேல் மருந்து இருந்ததா, உரிமம் யார் பேரில், வேலையை நடத்தியது யார் என்ற சின்னச் சின்னக் கேள்விகள் அந்தப் பெரிய கூட்டுத்தொகையில் காணாமல் போகின்றன. ஹெகலைப் படிக்காமலே ஹெகல் பேசுகிறவர்கள் நம் ஊரில் அதிகம்.

ஹெகலுக்கும் ஒரு நியாயம்

ஒருபக்கமாகவே பேசுவது சரியில்லை. ஹெகல் பக்கத்து வாதம் பலமானது. ஞானிகள் தனக்குள் கண்டதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு என்ன பிரயோஜனம்? அதை எல்லாரும் விவாதிக்கக்கூடிய மொழிக்குக் கொண்டுவந்தால்தானே அது அறிவாகும்? இன்னொன்று, வேதனையும் உழைப்பும் இல்லாத கடவுள் பேச்சு வெறும் உபதேசமாகச் சரிந்துவிடும் என்று 1807-லேயே, தன் முதல் பெரிய நூலின் முன்னுரையில் எச்சரித்தவர் அவர்தான். அதைச் சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும்.

ஞானிகளின் பேச்சும் ஒன்றும் ஆபத்தில்லாதது இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிடு, பொறுமையாக இரு என்பதைத் துறவி தனக்குச் சொல்லிக்கொண்டால் ஞானம். அதையே கங்காணி கூலிக்காரனிடம் சொன்னால் ஏமாற்று. வார்த்தை ஒன்றுதான், சொல்கிறவர் யார் என்பதில் எல்லாம் இருக்கிறது.

இங்கிருந்தே ஒரு உரைகல் கிடைக்கிறது. துன்பத்துக்கு அர்த்தம் சொல்லும் உரிமை துன்பப்பட்டவருக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு உள்ள உரிமை அந்தத் துன்பத்தைக் குறைப்பது. ஹெகலின் கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த உரைகல்லில் நிற்காது. இதே காரணத்தால்தான் டென்மார்க்கில் கீர்க்கெகார்ட் கோபப்பட்டார். அமைப்பு என்ற மாளிகையில் தனிமனிதனுக்கு இடம் இல்லை என்பது அவர் புகார். 1841-ல் வயதான ஷெல்லிங் பெர்லினுக்கு வந்து, ஹெகலின் தத்துவம் கருத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இருப்பைக் கோட்டை விட்டுவிட்டது என்று வகுப்பு எடுத்தபோது கேட்க வந்தவர்களில் கீர்க்கெகார்டும் ஒருவர். எங்கெல்ஸும் அங்கே இருந்தார்!

இந்த மண்ணின் சாட்சிகள்

தமிழ் மண்ணில் இந்த விவாதம் வேறு உருவத்தில் நடந்திருக்கிறது. சிவகாசிக்கு ரொம்பப் பக்கத்திலேயே.

தாமஸ் ராக்லண்ட் என்று ஒரு ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1841-ல் கணிதத் தேர்வில் நான்காவதாக வந்தவர். அந்தப் படிப்புக்கு இங்கிலாந்திலேயே சௌகரியமாக வாழ்ந்திருக்கலாம். 1854 முதல் அன்றைய திருநெல்வேலிச் சீமையின் வடக்கே, இன்றைய சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில், ஊர் ஊராகக் கூடாரம் போட்டு ஊழியம் செய்தார். நுரையீரல் நோய் முற்றி 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியிலேயே இறந்தார். வயது நாற்பத்து மூன்று. மண்ணில் விழுந்து செத்தால்தான் கோதுமை மணி பலன் தரும் என்ற யோவான் சுவிசேஷத்து உவமைதான் அவருக்கு வாழ்க்கை விதி.

கவனித்தால் ஹெகலின் தத்துவம் முழுவதும் இந்த ஒரு விதைக்குள் அடங்கிவிடும். அழிவின் வழியாக உயர்வு. வித்தியாசம் என்னவென்றால், ராக்லண்ட் அதைத் தன்னைத் தவிர வேறு யார்மேலும் போடவில்லை. அவருடைய மிஷன் வேலையைப் பற்றி யாருக்கும் எந்தக் கருத்தும் இருக்கலாம். ஆனால் கணக்கு அவர் பேரேட்டிலேயே எழுதப்பட்டது.

அடுத்தது பாளையங்கோட்டையில் 1891-ல் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி. ஆக்ஸ்ஃபோர்டில் யோவான் சுவிசேஷத்தையும் தமிழ் பக்தி இலக்கியத்தையும் சேர்த்து ஆராய்ந்து 1922-ல் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஜெர்மனியில் மார்புர்க் நகரத்தில் ருடால்ஃப் ஓட்டோ போன்றவர்களோடு பழகியவர். 1950-ல் கோயம்புத்தூர் பேராயர் ஆனார். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கிய அவருடைய நூல் 1927-ல் வந்தது. நானும் பிதாவும் ஒன்று என்ற யோவானின் வசனத்தை அத்வைதமாகப் படிப்பது அப்போது பலருக்கு ஆசையாக இருந்தது. அப்பாசாமி மறுத்தார். அது இரண்டும் கரைந்து ஒன்றாகும் ஐக்கியம் இல்லை, அன்பிலும் சித்தத்திலும் ஒன்றுபடுவது என்றார். துணைக்கு அவர் கூப்பிட்டது ராமானுஜரை. அன்பு செய்ய இரண்டு பேர் வேண்டும், ஒருவர் இன்னொருவரில் காணாமல் போய்விட்டால் அன்பும் போய்விடும் என்பதே அந்த வாதத்தின் சாரம். தனி ஆளைக் கரைத்துவிடும் எந்தக் கணக்குக்கும் இது நல்ல மறுப்பு.

ராமானுஜர் என்றதும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஞாபகம் வராமல் இருக்காது. திருப்பாவையில் அவருக்கு இருந்த ஈடுபாட்டால் திருப்பாவை ஜீயர் என்றே பெயர் வாங்கினார். சிவகாசிக்கு அடுத்த ஊர் ஆண்டாள் எவ்வளவு ஏங்கினாலும், அரங்கனோடு கலக்க வேண்டும் என்று எவ்வளவு துடித்தாலும், பேசுகிற குரல் கடைசிவரை ஒரு பெண்ணின் குரல்தான்.

அத்வைதப் பக்கமும் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. ரமணர் 1879-ல் பிறந்த திருச்சுழி விருதுநகர் மாவட்டம்தான். 1896-ல் மதுரையில், பதினாறு வயதில், சாவு பயம் வந்தபோது அவர் செய்தது தன் உடம்பையே பிணம் போலக் கிடத்திவிட்டு, செத்தால் எது சாகிறது என்று பார்த்தது. ஃபிக்டேயின் 'நான்' ஒரு தத்துவத்தின் தொடக்கம். ரமணரின் 'நான் யார்' தரையில் படுத்துக் கேட்ட கேள்வி. ருடால்ஃப் ஓட்டோ 1926-ல் சங்கரரையும் எக்கார்ட்டையும் ஒப்பிட்டு எழுதிய நூலில் ஃபிக்டேயையும் அத்வைதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். தமிழ்நாட்டில் பத்து வருஷம் லைப்சிக் மிஷனில் இருந்த ஷோமெருஸ் திருவாசகத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்து, 1936-ல் எக்கார்ட்டையும் மாணிக்கவாசகரையும் பற்றித் தனி நூலே எழுதினார். இந்த நூல்கள் நம் கல்லூரி நூலகங்களில் கிடைக்காதது வருத்தம்தான்.

இவர்கள் எல்லாருக்கும் கொள்கை வேறு வேறு. ஆண்டாளும் ரமணரும் அப்பாசாமியும் ஒரே மேடையில் உட்கார்ந்தால் சண்டைதான் வரும். ஆனால் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவார்கள். எரிந்தது தன் திரிதான், பக்கத்து வீட்டுக்காரர் திரி இல்லை.

போமேயின் கையில் செருப்புத் தைக்கிற ஊசி இருந்தது. ஹெகல் குறையாகச் சொன்ன அந்தக் கந்தகமும் வெடியுப்பும், கையால் வேலை செய்கிற ஒருவர் தன் உலகத்திலிருந்து எடுத்த வார்த்தைகள். அவற்றைக் கருத்தாகச் சுத்தம் செய்து பெர்லின் வகுப்பறைக்குக் கொண்டுபோனபோது தீயின் சூடு போய்விட்டது. சூடு போனால், யார் வெந்தார்கள் என்பதும் மறந்து போகும்.

அடுத்த தடவை ஒரு விபத்துக்குப் பிறகு யாராவது 'எல்லாம் நன்மைக்கே' என்றோ 'தொழில் வளர வேண்டுமே' என்றோ கணக்கை முடிக்க வந்தால், ஒரே ஒரு கேள்வி போதும். நன்மை யாருக்கு, நஷ்டம் எழுதியது யார் பேரேட்டில்?